பட்டாளத்துத் தாத்தா

உலகத்தில் மனிதர்களுக்கு எத்தனையோ விதமான பைத்தியங்கள் உண்டு. தபால் தலை சேர்ப்பவர் சிலர். செல்லாத நாணயங்களைச் சேர்ப்பவர் சிலர். செல்லும் நாணயங்களைச் சேர்க்க முயன்று ஆயுளைக் கழிப்பவர் பலர். நம்மைப் பிடித்திருக்கும் பைத்தியம் இவை எல்லாவற்றையும்விடச் சற்று விசித்திரமானது. 19-ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட பட்டாளத்துக்காரர்களின் புகைப்படங்களை நாம் சேகரித்து வருகிறோம்.

இந்த விஷயத்தில் நம் வீட்டாருடைய அபிப்பிராயம் நமக்கு அவ்வளவு அநுகூலமாக இல்லை. நம்முடைய அத்தை ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு தடவை புதுப்படம் வீட்டுக்குள் வரும்போதும் அவள், "செத்துப்போனவர்கள் படத்தையெல்லாம் காசு கொடுத்து வாங்கி வருகிறாயே, அப்பா! நம் வீட்டில் செத்தவர்கள் போதாதா?" என்று கேட்பாள். இந்தக் கேள்விக்கு இன்று வரையில் நமக்குச் சரியான பதில் அகப்படவில்லை. ஆனால் கண்ணமங்கலத்துக்குப் போய்வந்த பிறகு, அத்தையின் கேள்வியில் நாம் நினைத்ததைவிட அதிகமான அர்த்தம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறோம்.

சென்னை மூர் மார்க்கெட்டை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 1985-ஆம் ஆண்டில் அது தீக்கிரையாயிற்று. அதற்குச் சில வருஷங்கள் முன்பு, பழைய புத்தகக் கடை ஒன்றில் கிழிந்துபோன அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அதன் நடுவிலிருந்து கனமான அட்டை ஒன்று கீழே விழுந்தது. அட்டையில் ஒரு மனிதர் நின்றார். தலைப்பாகை, முறுக்கிய மீசை, கழுத்து வரையில் பொத்தானிட்ட சட்டை, மார்பில் ஒரு பதக்கம். பக்கத்தில் கிரேக்க தேசத்துத் தூண் ஒன்று. அது அட்டையும் சாயமும் கொண்டு செய்தது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. தூணும் பின்னாலிருந்த திரையும் பொய். நடுவில் நின்ற மனிதர் மாத்திரம் மெய். அவருடைய கண்கள் நம்மை நேரே பார்த்தன. கடைக்காரர் அகராதிக்கு 5 ரூபாயும் படத்துக்கு 2 ரூபாயும் கேட்டார். அகராதியை வைத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டு வந்தோம். அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

இத்தகைய படங்களைப் பார்ப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கடல் கடந்து நம் தேசத்துக்கும் வந்துவிட்டது. சென்னையில் 1856-லேயே புகைப்படக்காரர்களின் சங்கம் ஒன்று ஏற்பட்டது. அந்த ஆண்டிலேதான் லின்னேயஸ் டிரைப் என்னும் பட்டாளத்து அதிகாரி சென்னை ராஜதானியின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிய நீளப் படம் இன்றும் அறிஞர்களை ஆச்சரியப்பட வைக்கிறது. ஆக, பட்டாளத்துக்கும் புகைப்படத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே நெருங்கிய உறவு உண்டு.

1851-ல் கண்ணாடித் தட்டில் ஈர ரசாயனம் பூசிப் படம் எடுக்கும் முறை வந்தது. 1854-ல் டிஸ்டேரி என்ற பிரெஞ்சுக்காரர் விஸிட்டிங் கார்டு அளவில் மலிவாகப் படங்கள் செய்து தருவதற்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். 1860-க்குப் பிறகு இந்தச் சிறு அட்டைகள் உலகமெங்கும் பரவின. பின்னர் அலமாரியில் நிறுத்தி வைக்கக்கூடிய பெரிய அட்டைகள் வந்தன. இவற்றில் பெரும்பாலானவை, முட்டையின் வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் அச்சிடப்பட்டவை. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் இதற்காக ஒரு நாளைக்கு 60,000 முட்டைகள் உடைபட்டனவாம்! முட்டையைக் கண்ணால் பார்த்தாலே ஸ்நானம் செய்யும் ஆசாரமான குடும்பங்கள் சிலவற்றில், முட்டைக் காகிதத்தில் பதிந்த கொள்ளுத்தாத்தா, பூஜை அறை வாசலுக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். ரகசியத்தை இதுவரையில் யாருக்கும் சொன்னதில்லை.

அந்தக் காலத்துத் தட்டுக்களுக்கு மற்றொரு குணம் உண்டு. அவை நீல ஒளியை விரும்பும். சிவப்பைக் கண்டால் குருடு. ஆகையால் சிவப்புச் சட்டை அணிந்த சென்னைச் சிப்பாய், படத்தில் கறுப்புச் சட்டைக்காரராகக் காட்சியளிப்பார். இரும்புத் தகட்டில் நேராகப் பதித்த படங்களில் இடம் வலமாக மாறிவிடும். வாள் தவறான இடுப்பில் தொங்கும். பதக்கம் தவறான மார்பில் இருக்கும். படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஏன் உம்மென்று இருக்கிறார்கள் என்று குழந்தைகள் கேட்பது வழக்கம். பல விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும்; தலை ஆடாமலிருப்பதற்காகப் பின்கழுத்தில் இரும்புக் கவை ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அந்த நிலையில் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரையில் நடந்த உள்நாட்டு யுத்தத்தின்போது, போர்முனைக்குப் போகும் பையன்கள் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டு தாயாருக்கும் காதலிக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். லில்ஜென்க்விஸ்ட் என்ற குடும்பத்தார் அப்படிப்பட்ட படங்களில் சுமார் 700-ஐச் சேகரித்து 2010-ல் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூல் நிலையத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். அந்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. நூல் நிலையத்தார் படங்களை இணையத்தில் வெளியிட்டு, அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று உலகத்தையே கேட்டுக்கொண்டார்கள்.

நம் தேசத்துச் சிப்பாயின் கதை வேறு. மாதச் சம்பளம் 7 ரூபாயில் அவன் சாப்பிட்டு, உடுத்து, ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டும். போட்டோ எடுத்துக்கொள்ள அவனுக்கு ஏது பணம்? ஆகவே அவனைப் பெரும்பாலும் பிறர்தான் படம் எடுத்தார்கள். 1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு பெலிஸ் பியாட்டோ என்பவர் லட்சுமணபுரிக்கு வந்து, தூக்கு மரத்தில் தொங்கிய சிப்பாய்களைப் படம் எடுத்தார். 1868 முதல் 1875 வரையில் ஸர்க்கார் 8 பாகங்களில் வெளியிட்ட 'இந்திய மக்கள்' என்னும் பெரும் புத்தகத்தில் நம்மவர்கள் ஜாதி வாரியாக, பூச்சிகளை அட்டையில் குத்தி வைப்பதுபோல் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவற்றில் முகம் இருக்கிறது, குலம் இருக்கிறது. பெயர் அநேகமாக இல்லை. தானே விரும்பி, தன் காசைக் கொடுத்து, தன் வீட்டுச் சுவருக்காகப் படம் எடுத்துக்கொண்ட சிப்பாய் அகப்படுவது அபூர்வம். நாம் தேடுவது அவரைத்தான்.

நிற்க. மூர் மார்க்கெட் படத்தின் பின்புறத்தில் பென்ஸிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது: 'கண்ணமங்கலம்'. அந்த வார்த்தையை வருஷக் கணக்கில் பார்த்துக்கொண்டே காலத்தைக் கடத்திவிட்டோம். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் வெட்கம் வந்துவிட்டது. படத்தை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறினோம்.

கண்ணமங்கலம், வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையிலுள்ள ரயில் பாதையில் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கியதும் ஜவ்வாது மலைத்தொடர் நீலத் திரைபோல் தெரிந்தது. மூர் மார்க்கெட் படத்திலிருந்த திரையைப் போலன்றி இது மெய்யான திரை. அந்த மலைமேல் காவலூரில் 1986 முதல் பெரிய தொலைநோக்கி ஒன்று வேலை செய்கிறது. நட்சத்திரத்தை விட்டு என்றோ புறப்பட்ட ஒளியை இன்று அங்கே படம் பிடிக்கிறார்கள். நம் பையிலிருந்த அட்டையும் ஒரு விதத்தில் அப்படித்தான். என்றோ ஒரு பகலில் ஒரு மனிதருடைய முகத்தில் பட்டுத் திரும்பிய வெயில் அதில் தங்கியிருக்கிறது.

இந்தப் பிரதேசத்தில் பட்டாளம் என்பது புதிய வார்த்தை அல்ல. பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டையை ஜனங்கள் 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போகும் ஊர் அது. அங்கும் போனோம், கண்ணமங்கலத்தின் தெருக்களிலும் அலைந்தோம். பல வீடுகளில் படங்களைக் காட்டினார்கள். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் போனவர், 1962-ல் போனவர், 1971-ல் போனவர், கார்கிலுக்குப் போனவர் என்று சுவர் நிறைய முகங்கள். நம் கையிலிருந்த முகத்தை மாத்திரம் யாரும் அறியவில்லை.

கடைசியில் டீக்கடைக்காரர் ஒருவர், "ஐயா! அந்த ஓட்டு வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்க. அவங்க வீட்டுப் பெரியவர் பர்மா சண்டைக்குப் போனவர்னு சொல்லுவாங்க" என்றார்.

பாட்டிக்கு எண்பத்தைந்து வயது இருக்கலாம். திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். கல்லூரியில் படிக்கும் பேரன் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டான். பாட்டி சொன்ன விருத்தாந்தம் இதுதான்:

அவருடைய கணவரின் தாத்தா, தாது வருஷப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்தவர். 1876 முதல் 1878 வரையில் இந்த ராஜதானியைச் சூறையாடிய பஞ்சம் அது. பிழைத்த பையன் வளர்ந்து வாலிபனானதும், "கும்பிக்குக் கூழ் கிடைக்கும்" என்று பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். பர்மாவுக்குப் போனான். பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பினான், கொஞ்சம் நிலம் வாங்கினான், கலியாணம் செய்துகொண்டான். அவருடைய படம் ஒன்று கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. பாட்டி மணப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் அடியெடுத்து வைத்தபோது முதலில் விழுந்து கும்பிட்டது அந்தப் படத்தைத்தான்.

"அப்புறம் படம் என்ன ஆயிற்று, அம்மா?" என்று கேட்டோம்.

"சட்டம் மாத்தித் தரேன்னு ஒருத்தன் வந்தான், ஐயா. புதுக் கண்ணாடி போட்டு அடுத்த வாரம் தரேன்னான். கழட்டிக் கொடுத்தது இந்தக் கைதான். அறுபது வருஷமாச்சு, அந்த அடுத்த வாரம் இன்னும் வரல்லே. மாமியார் கண்ணை மூடற வரைக்கும் என்கிட்டே ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லல்லே. அதுதான் இன்னும் மனசிலே குத்துது."

நம் மார்பு அடித்துக்கொண்டது. பையிலிருந்த படம் கனத்தது. படத்தைக் கொண்டுபோனவர் கையிலிருந்து அது எத்தனை கை மாறி மூர் மார்க்கெட்டுக்கு வந்ததோ! பேரன் நம்மைச் சற்று அப்பால் அழைத்துப் போய், தாழ்ந்த குரலில், "சார்! அவராக இல்லாவிட்டாலும் அவர்தான்னு சொல்லிடுங்க. பாட்டி நிம்மதியா இருக்கும்" என்றான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: நமக்கும் அந்த எண்ணம் வந்தது. ஒரே ஒரு பொய். அறுபது வருஷத்துத் துக்கம் தீர்ந்துவிடும். ஒரு கிழவியைச் சந்தோஷப்படுத்திய புண்ணியமும் உண்டு. படத்தின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த பெருமையும் உண்டு. படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடியோடு பாட்டியின் கையில் கொடுத்தோம். வாயை மட்டும் திறக்கவில்லை.

பாட்டி வெயிலில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை அசைத்தார். "இவர் அவர் இல்லை, ஐயா. அவர் நெத்தியிலே பளிச்சுன்னு வெள்ளை நாமம் இருக்கும். இவர் நெத்தி வெறுமையா இருக்கே!"

நாம் திகைத்து நின்றோம். ஏனென்றால் அந்த நாமத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. கண்ணமங்கலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் இருக்கிறது வேலூர்க் கோட்டை. அங்கே 1806-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ந் தேதி விடியுமுன் சென்னைப் படைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தொப்பியை அணிய வேண்டும் என்று மேலதிகாரிகள் போட்ட உத்தரவு அதற்கு உடனடிக் காரணம். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்தான்; பகல் பொழுது சாய்வதற்குள் நூற்றுக் கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். ஆனால் அந்த உத்தரவும் பிறகு ரத்தாயிற்று. அப்போது புகைப்படக் கலையே பிறக்கவில்லை. மாண்டவர்களில் ஒருவருடைய முகமும் நமக்குத் தெரியாது. 80 வருஷம் கழித்து அதே சென்னைப் படையில் சேர்ந்த ஒருவர் நெற்றியில் நாமத்தோடு படத்துக்கு நின்றார் என்றால், அந்த நாமத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

"அவர் ஞாபகமாக வேறு ஏதாவது இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டோம். பாட்டி உள்ளே போய், சுருக்குப் பையிலிருந்து கறுத்துப்போன வட்டமான வெள்ளித் துண்டு ஒன்றை எடுத்துவந்தார். "குழந்தைகளுக்குப் பல் முளைக்கிறப்போ கடிக்கக் கொடுப்போம்" என்றார்.

அது ஒரு யுத்தப் பதக்கம். ஒரு புறத்தில் விக்டோரியா ராணியின் தலை. மறுபுறத்தில் உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு வெற்றித் தேவதை மாலை சூட்டுகிறாள். மேலே 'பர்மா 1885-7' என்று பொறித்த பட்டை. இத்தகைய பதக்கங்களின் விளிம்பில், அதைப் பெற்றவரின் எண்ணையும் பெயரையும் படைப்பிரிவையும் பொறிப்பது அந்நாளைய வழக்கம். பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பை மெல்லத் திருப்பினோம். பட்டாளத்துக் குமாஸ்தாவின் இங்கிலீஷில் சிதைந்து கிடந்தாலும், நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று எழுத்தெழுத்தாக வெளிவந்தது. அந்தப் பெயரை இங்கே வெளியிடுவதைக் குடும்பத்தார் விரும்பவில்லை. நாம் அதை வாய்விட்டுப் படித்தபோது பாட்டி சட்டென்று தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பெரியவர் பெயரைச் சொல்லக் கேட்டதற்கு அவ்வளவு மரியாதை!

அந்த வீட்டில் பெயர் இருந்தது, முகம் இல்லை. நம் கையில் முகம் இருந்தது, பெயர் இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

அந்நியருக்குச் சேவகம் செய்தவர்களின் படத்தை எதற்காகப் போற்ற வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1885-ஆம் ஆண்டு யுத்தத்தினால் பர்மாவின் கடைசி அரசன் தீபா நாடிழந்தான். அவனை முதலில் சென்னைக்கும் பிறகு ரத்தினகிரிக்கும் கொண்டுவந்தார்கள். அங்கேயே 1916-ல் இறந்தான். அந்த அநியாயத்தில் நம் ஊர்ச் சிப்பாய்க்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் பஞ்சத்தில் தாய் தகப்பனை வாரிக் கொடுத்த பையனுக்கு அன்று இருந்த வழிகள் எத்தனை? இதையும் மறக்கலாகாது. ஸாம்ராஜ்யத்தின் புகழைப் பாடுவதற்கு நாம் இந்தப் படங்களை வைத்துக்கொள்ளவில்லை. நாமமும் சிவப்புச் சட்டையுமாக, அடிமையும் ஆண்மையுமாக, நம் பாட்டன்மார் எப்படி நின்றார்கள் என்பதை நேருக்கு நேர் பார்ப்பதற்காகவே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பேரன் பதக்கத்தின் விலையை விசாரித்தான். "வெளியூர்க்காரர்கள் ஆயிரக் கணக்கில் கொடுப்பார்கள், ஆனால் விற்காதே, தம்பி. விற்றால் இதுவும் நம் கையிலிருக்கும் படம் மாதிரி ஆகிவிடும்" என்றோம். சொல்லும்போதே அத்தையின் குரல் காதில் விழுந்தது. நம்மிடமிருக்கும் ஒவ்வொரு படமும் யாரோ ஒரு வீட்டுச் சுவரில் வெறுமையாகிவிட்ட ஓரிடம் அல்லவா?

புறப்படும்போது பாட்டி, "இவரைக் கொஞ்சம் கொடுங்க, ஐயா" என்று படத்தை வாங்கினார். விளக்குக்கு முன்னால் சாய்த்து வைத்து, ஒரு செம்பருத்திப் பூவை எதிரில் வைத்தார். "நம்ம வீட்டுப் பெரியவரை யாரோ ஒரு புண்ணியவான் எங்கேயோ வெச்சுப் பார்த்துக்கிட்டு இருப்பான் இல்லையா? அதுக்குப் பதிலா இவருக்கு நாம ஒரு பூ வைப்போம்" என்றார். பிறகு படத்தை முந்தானையால் தூசி தட்டி நம்மிடம் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ள நம் கை கூசியது. கைபேசியில் அதைப் படம் எடுத்துப் பேரனிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்று முதல் நம் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். குடும்பத்தாரிடமிருந்து மூலப் படத்தை விலைக்கு வாங்குவதில்லை; பிரதி எடுத்துக்கொண்டு, விவரங்களை எழுதிக்கொண்டு, மூலத்தை அவர்கள் சுவரிலேயே விட்டுவிடுகிறோம். கடைகளில் அநாதையாகக் கிடப்பவற்றை மட்டும் வாங்குகிறோம். அவற்றுக்கும் வீடு தேடுகிறோம்.

நேயர்களுக்கு ஒரு விக்ஞாபனம். உங்கள் வீட்டுப் பரண்மேலோ சுவர்மேலோ இப்படி ஒரு பெரியவர் இருக்கலாம். அவரை ஈரத் துணியால் துடைக்காதீர்கள்; முட்டைப் பூச்சு கெட்டுவிடும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டாதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சட்டம் மாற்ற வேண்டுமானால் கூடவே நின்று மாற்றிக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள வயதானவர்களை உட்கார்த்தி, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்தப் பட்டாளம் என்று கேட்டு, அட்டையின் பின்புறம் மெல்லிய பென்ஸிலால் எழுதி வையுங்கள். ஊர்ப் பெயர் மாத்திரம் போதாது.

இதை இன்றைக்கே செய்துவிடுவது நல்லது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது கண்ணமங்கலத்துப் பாட்டிக்குத் தெரியும்.